கார்ட் எல்லாம் சரிதான், பாடகர் ஏன் திரும்பிப் பார்த்தார்? (ஃபிளமெங்கோ பக்கவாத்தியம்)

ஆறாம்கம்பி:
வேலைக்காக தெற்கு ஸ்பெயினில் செவிய்யா வந்து மூன்று வருடம் ஆகிறது. கிட்டார் பதினைந்து வருடப் பழக்கம். இந்தப் பக்கத்துப் பாட்டும் ஆட்டமும் கிட்டாருமான ஃபிளமெங்கோ மட்டும் இங்கே வந்த பிறகுதான். போன சனிக்கிழமை ஊருக்கு வெளியே ஒரு பெஞ்ஞாவுக்குப் போயிருந்தேன். பெஞ்ஞா என்றால் ரசிகர்களே நடத்தும் மன்றம். நம் சபா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், மது மட்டும் கூடுதல்.

நிகழ்ச்சி முடிந்து இரவு ஒரு மணிக்கு மேல் பத்துப் பேர் மேசையைச் சுற்றி மிச்சமிருந்தோம். அறுபதைத் தாண்டிய ஒருவர் சொலெயா (ஃபிளமெங்கோவின் மெதுவான பாட்டு வகை) பாட எழுந்தார். வழக்கமாக வாசிப்பவர் வெளியே சிகரெட்டோடு நின்றிருந்ததால் கிட்டார் என் கைக்கு வந்தது. "நாலு, போர் அர்ரீபா" என்றார். அதாவது செஹிய்யாவை (கம்பிகளை அழுத்திச் சுருதி ஏற்றும் கவ்வி) நாலாவது ஃபிரெட்டில் மாட்டி, ஈ வடிவத்தில் வாசி என்று அர்த்தம். மாட்டினேன், வாசித்தேன்.

முதல் பாட்டில் பாதிவரை ஒன்றும் இல்லை. அப்புறம் அவர் கழுத்தைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பாட்டைச் சீக்கிரம் முடித்தார். வெளியே இருந்தவரைக் கூப்பிட்டார்கள், கிட்டார் கை மாறியது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போதாக்குறைக்கு மேசைக்கோடியில் இருந்த ஒருவர், "இந்தியாவுக்கு சித்தார் கொடுங்கள்" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் வாசித்த கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) எதுவும் தப்பில்லை. எஃப் வர வேண்டிய இடத்தில் வெறும் எஃப் போடாமல் டி மைனர் நைன் போட்டேன், சி வர வேண்டிய இடத்தில் சி மேஜர் செவன். இப்போதைய கிட்டார்காரர்கள் எல்லாரும் இதைவிடச் சிக்கலாகத்தான் வாசிக்கிறார்கள். ஆகவே கேள்வி இதுதான். வெளியாள் என்பதற்காகத்தான் என்னை நிறுத்தினார்களா?

கொம்பாஸ்கிறுக்கன்:
தம்பி, அந்தச் சித்தார் பேச்சு அசிங்கம். அதை ஓரமாக வை, மறக்கச் சொல்லவில்லை. முதலில் இரண்டு விஷயம் சொல். அவர் திரும்பிப் பார்த்தது எந்த வரியில்? அந்த நேரம் நீ எண்ணிக்கையில் எங்கே இருந்தாய்?

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சொலெயா பன்னிரண்டு எண்ணிக்கைச் சுழற்சி. அழுத்தம் 3, 6, 8, 10, 12 ஆகியவற்றில் விழும். மூன்று மூன்றாக நடந்து வந்து பாதியில் இரண்டு இரண்டாக மாறும். இந்தச் சுழற்சிக்கும் அதற்குள் இருக்கும் நடைக்கும் சேர்த்துத்தான் கொம்பாஸ் என்று பெயர். வாக்கியம் 10-இல் முற்றுப்பெறும். 11, 12 மூச்சு வாங்கும் இடம். புதிதாக வருகிறவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அந்த மூச்சைத்தான் தின்றுவிடுகிறார்கள். எனக்கு உன்மேல் அந்தச் சந்தேகம்.

தோடிப்பிரியை:
நான் கர்நாடக வயலின். ஃபிளமெங்கோ கேட்பது மட்டும்தான், வாசித்ததில்லை. ஆனால் ஆறாம்கம்பி எழுதியதில் ஓர் இடம் உறுத்துகிறது.

சொலெயாவின் சுரங்களை ஈ-யை ஆதாரமாக வைத்துப் பார்த்தால், கீழே இறங்கும்போது தோடியின் சுரங்கள். வந்து நிற்கும்போது கிட்டார் ஈ மேஜர் போடுகிறது, அங்கே அந்தர காந்தாரம் வந்து வகுளாபரணம் போல ஆகிவிடுகிறது. (கமகம் வேறு, உருப்படி வேறு. சுரத்தை மட்டும்தான் சொல்கிறேன், யாரும் சண்டைக்கு வராதீர்கள்.) பாடகரின் காந்தாரமோ இரண்டுக்கும் நடுவில் எங்கோ அலைகிறது. இந்த இசைக்கு ஆதாரமான உறவு எஃப் ஈ-யின் மேல் விழுவது, ரி ச-வில் அடங்குவது மாதிரி. மந்திர ஸ்தாயியில் அந்த அரைச்சுர இறக்கம் கேட்டால்தான் பாடகருக்குத் தரை தெரியும். நீங்கள் எஃப்-ஐ எடுத்துவிட்டு டி-யை அடியில் வைத்தால் இறக்கம் போய், கீழிருந்து ஒரு முழுச்சுரம் ஏறுவதாகிவிடுகிறது. புத்தகத்தில் அந்த மாற்று சரியாக இருக்கலாம். அந்தப் பெரியவர் தரையைத் தேடியிருப்பார்.

வடக்குவழி:
எதற்கு இவ்வளவு குழப்பம்? ஜிப்சிகள் இந்தியாவிலிருந்து போனவர்கள்தானே. அந்தத் தாளம், அந்தக் குரல் எல்லாம் இங்கிருந்து போனது. நியாயமாகப் பார்த்தால் நாம்தான் உள்ளாள், ஸ்பானியர்கள் வெளியாள்.

கொம்பாஸ்கிறுக்கன்:
வடக்குவழி, இதைப் போய் ஃபிளமெங்கோ ஊரான ஹெரேஸில் சொல்லிப் பாரும். ஜிப்சிகளின் ரோமா மொழி வட இந்திய மொழிக் குடும்பம் என்பது மொழியியலில் உறுதியான விஷயம், மறுப்பில்லை. ஆனால் அவர்கள் ஸ்பெயினுக்கு வந்தது 15-ஆம் நூற்றாண்டில். ஃபிளமெங்கோ என்று நாம் இன்று கேட்பது 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் தெற்கு ஸ்பெயினான அந்தலூசியாவில் உருவானது. ஆயிரம் வருடப் பயணத்தை ஒரே தாவலில் தாண்டி "எங்கள் வீட்டுச் சொத்து" என்று உரிமை கொண்டாடுவது, அந்த மண்ணில் அதை உண்டாக்கிய மனிதர்களை இல்லாமல் செய்கிற வேலை. மேலும், சென்னையிலிருந்து போனவனுக்கு அதில் என்ன பங்கு?

மொரோன்பித்தன்:
இந்த இழையைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியாள் என்ற சொல்லை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபிளமெங்கோவில் அது ஒரே கோடு இல்லை. ஹித்தானோ (ஸ்பெயினின் ரோமா மக்கள்), பாயோ (மற்றவர்கள்) என்று ஒரு கோடு. அந்தலூசியாக்காரர், அல்லாதவர் என்று ஒன்று. இந்த ஊர், அடுத்த ஊர் என்று ஒன்று. ஹெரேஸுக்குள்ளேயே சந்தியாகோ பேட்டை, சான் மிகேல் பேட்டை என்று பிரிவு உண்டு. கடைசியில்தான் வெளிநாட்டுக்காரன் வருகிறான்.

இந்தக் கோடுகளை வைத்துச் சரித்திரத்தைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அந்தோனியோ சாக்கோன், 1869-இல் ஹெரேஸில் பிறந்த பெரிய பாடகர், பாயோ. அவருக்கு வாசித்த ரமோன் மொந்தோயா ஹித்தானோ, ஆனால் மத்ரீத்காரர். அடுத்து 1969 முதல் 1977 வரை வந்த கமரோன் - பாக்கோ தே லூசியா இசைத்தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கணக்கு தலைகீழ்: பாடகர் ஹித்தானோ, கிட்டார்காரர் பாயோ. கிட்டார்காரர் சபிக்காஸ் ஹித்தானோதான், ஆனால் பிறந்தது வடக்கே பம்ப்லோனாவில், அந்தலூசியாவே இல்லை. பாடகர் மிகேல் பொவேதா பார்சலோனா பக்கத்துக்காரர், பாயோ. 1993-இல் லா உனியோன் சுரங்கப் பாட்டுப் போட்டியின் பெரிய பரிசான சுரங்க விளக்கைக் கொண்டுபோனார். வெளியாட்களை எல்லாம் கழித்துக்கொண்டே போனால் இசைத்தட்டு அலமாரியில் பாதி காலியாகும்.

இனி என் பித்துக்கு வருகிறேன். மொரோன் தே லா ஃபிரோன்தெரா, செவிய்யா மாகாணத்துச் சின்ன ஊர். அங்கே தியேகோ தெல் கஸ்தோர் (1908–1973) என்று ஒரு கிட்டார்காரர். இசைத்தட்டுத் தொழிலைக் கிட்டத்தட்டத் திரும்பியே பார்க்காதவர். 1960களில் அவரைத் தேடி அமெரிக்கர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். டான் போரன் என்ற அமெரிக்கர் ஊருக்கு வெளியே ஒரு பண்ணைவீட்டை எடுத்து, வருகிறவர்களைத் தங்கவைத்து, பாட்டும் குடியுமாக விழா நடத்தினார். வந்தவர்கள் தியேகோவின் ஃபல்செத்தாக்களை (பாட்டுக்கு நடுவே கிட்டார் தனியாகப் பேசும் சின்னச் சின்ன வரிகள்) அச்சுப் பிசகாமல் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இன்றும் கலிஃபோர்னியாவில் அந்த வரிகளை அப்படியே வாசிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் ஃபெர்னாந்தா தே ஊத்ரேராவின் சொலெயாவுக்கு தியேகோ வாசித்திருக்கும் பதிவுகளைக் கேளுங்கள். ஃபல்செத்தா வருவது கொஞ்சம்தான். மிச்ச நேரமெல்லாம் மனிதர் காத்திருக்கிறார். ஃபெர்னாந்தாவின் குரல் உடைந்து, கரகரத்து, வார்த்தை நகராமல் நிற்கும். தியேகோ ஈ-யிலேயே நிற்பார், கட்டைவிரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். குரல் இடம் மாறிய பிறகுதான் கை மாறும். அதைக் காப்பியடிக்க முடியாது, ஏனென்றால் அங்கே காப்பியடிக்க ஒன்றுமே இல்லை.

கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து வந்தவர்களில் டேவிட் ஜோன்ஸ் என்பவர் தேவித் செர்வா என்ற பெயரில் ஸ்பெயினிலேயே தொழில்முறை கிட்டார்காரராக நின்றார். பாடகர்களும் ஆட்டக்காரர்களும் அவரைக் கூப்பிட்டார்கள். அமெரிக்கன் என்பது அப்போதும் எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது.

கேள்விக்குறி:
மொரோன்பித்தன் ஐயா, அழகாக எழுதுகிறீர்கள், ஆனால் கொஞ்சம் சர்க்கரை கூடிவிட்டது. "கொம்பாஸ் இருந்தால் கதவு திறக்கும்" என்று எல்லாரும் சொல்கிறார்கள், பாதிதான் உண்மை.

பாக்கோ பாயோதான். ஆனால் அல்ஹெசிராஸில் அவர் வளர்ந்த வீடு எப்படிப்பட்டது? அப்பா இரவில் கிட்டார் வாசித்துப் பிழைத்தவர், அண்ணன் ரமோன் கிட்டார், இன்னொரு அண்ணன் பெப்பே பாடகர். விடிகாலையில் பாடகர்கள் வீட்டுக்கு வந்து பாடுவார்கள். ரத்தம் வேண்டுமானால் வெளியே, காது பிறந்ததிலிருந்தே உள்ளே. அவரைக் காட்டி ஆறாம்கம்பிக்குத் தைரியம் சொல்ல முடியாது.

அடுத்து, ஹித்தானோக்கள் சந்தேகப்படுவதை வெறும் திமிர் என்று யாரும் நினைக்கக் கூடாது. 1749 ஜூலையில் ஆறாம் ஃபெர்னாந்தோ அரசர் காலத்தில் நாடு முழுக்க அவர்களை ஒரே நேரத்தில் வளைத்துப் பிடித்தார்கள். ஆண்களைக் கப்பல் தளங்களில் கட்டாய வேலைக்கும் பெண்களைத் தனிச் சிறைகளுக்கும் அனுப்பினார்கள். அது பழங்கதை என்று வைத்துக்கொண்டாலும், செவிய்யாவின் த்ரியானா பழங்கதை இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அந்தப் பேட்டையிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹித்தானோ குடும்பங்கள் நகர விளிம்பு அடுக்ககங்களுக்குத் தள்ளப்பட்டன. இன்று த்ரியானாவில் சுற்றுலாப் பயணிக்கு வாடகை அறை இருக்கிறது, ஃபிளமெங்கோ பெயரில் மது இருக்கிறது. அந்தக் குடும்பங்கள் இல்லை. 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது மாலை மரியாதையில் யாருக்கு எவ்வளவு பங்கு கிடைத்தது என்பது தனிச் சண்டை.

இதையெல்லாம் பார்த்தவர்கள், கிட்டாரோடு வந்து உட்காரும் புது முகத்தை உடனே கட்டிப்பிடிக்க வேண்டுமா?

நைலான்கம்பி:
நான் மத்ரீத்தில் நடனப் பள்ளியில் வாசிக்கிறேன். ஐந்து வருடமாகிறது. எனக்குக் கோடு இன்னொன்று கூடுதல், நான் பெண். ஆட்டத்திலும் பாட்டிலும் பெண்கள் கொடிகட்டிப் பறக்கிறார்கள், கிட்டாருக்கு மட்டும் பெண் வந்தால் "யாருக்காகத் தூக்கிக்கொண்டு வந்தாய்" என்று கேட்பார்கள். அந்தோனியா ஹிமெனெஸ் போன்றவர்கள் முட்டி மோதிக் கொஞ்சம் வழி விட்டிருக்கிறார்கள். அவர் அந்தலூசியாக்காரர், காதிஸ் பக்கத்திலிருந்து வந்தவர், அவருக்கே அது சுலபமாக இருக்கவில்லை.

ஆறாம்கம்பி, நீங்கள் எந்த வரிசையில் கற்றீர்கள்? இங்கே ஒரு பேச்சு உண்டு: முதலில் ஆட்டத்துக்கு வாசி, அடுத்து பாட்டுக்கு வாசி, அதற்கு அப்புறம்தான் தனியாக வாசி. வெளியிலிருந்து வருகிற எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நானும்தான். தனி வாசிப்பு வீடியோ பார்த்து, விரலை வேகப்படுத்தி, வந்து இறங்கினேன். முதல் மாதம் பள்ளியில் கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுக்கவே விடவில்லை. கைதட்டச் சொன்னார்கள். ஒரு வருடம் பால்மாஸ் வகுப்பு! முப்பது ஜோடிக் காலணிகள் மரத்தரையில் இடிக்கும்போது எண்ணிக்கையை விட்டால் ஆட்டக்காரி மூஞ்சியைப் பார்க்க முடியாது. அப்போது ஏறியதுதான் உடம்பில் நிற்கிறது.

சுரம் பற்றித் தோடிப்பிரியை அக்கா சொன்னது நூறு சதம் சரி. இன்னொன்று சேர்க்கிறேன். சி மேஜர் செவன் என்றால் உள்ளே பி ஒலிக்கும். பெரியவர் அந்த இடத்தில் சி-யைப் பிடித்து நின்றிருந்தால், அவர் காதுக்குள் அரைச்சுரம் தள்ளி நீங்கள் கிள்ளியிருக்கிறீர்கள்.

ஆறாம்கம்பி:
கொஞ்சம் கோபம் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு விஷயம் புரியவில்லை. இந்த இசையே உரசலில்தானே வாழ்கிறது? எஃப் கார்டை இங்கே யாரும் சுத்தமாகப் பிடிப்பதில்லை. மேலே பி-யும் ஈ-யும் திறந்த கம்பியாக ஒலித்துக்கொண்டே இருக்கும். தாரந்தா என்ற வகையில் எஃப் ஷார்ப் அடியில் இருக்க, ஜி, பி, ஈ மூன்று கம்பியும் திறந்தபடி. முதல்முறை கேட்கிறவன் கிட்டார் சுருதி சேரவில்லை என்பான். அதையெல்லாம் ஏற்றுக்கொண்டவர்களுக்கு என் மேஜர் செவன் மட்டும் ஏன் கசந்தது?

தோடிப்பிரியை:
நல்ல கேள்வி. நான் காதால் மட்டும் யோசித்துச் சொல்கிறேன். நீங்கள் சொன்ன உரசல்களில் அடித்தளம் அசையவில்லை. எஃப் அடியில் இருக்கிறது, மேலே திறந்த கம்பிகள் அடுத்து வரப்போகும் ஈ-யை முன்கூட்டியே பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதாவது உரசுவதே வீடு வந்து சேர வேண்டிய சுரம்தான். தாரந்தாவிலும் அப்படியே, ஜி எஃப் ஷார்ப்பை அழுத்துகிறது. உங்கள் டி மைனர் அழகாக வேறொரு ஊருக்கு வண்டியைத் திருப்புகிறது.

கொம்பாஸ்கிறுக்கன்:
அக்கா சொன்னதை அப்படியே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

அதோடு பாட்டு கிட்டாருக்கு முந்தியது என்பதையும் மறக்கக் கூடாது. தொனா, மர்த்தினெத்தே போன்ற வகைகளை இன்றும் கிட்டார் இல்லாமல், வெறும் தொண்டையில்தான் பாடுகிறார்கள். ஆக கிட்டாரே ஒரு காலத்தில் விருந்தாளியாக வந்து உட்கார்ந்தது. கஹோன் பெட்டியைப் பாருங்கள். 1970களின் கடைசியில் பெருவில் பார்த்துப் பாக்கோ கொண்டுவந்தார், அவர் குழுவில் அதைத் தட்டியவர் ரூபெம் தாந்தாஸ் என்ற பிரேசில்காரர். இப்போது கஹோன் இல்லாத மேடையே இல்லை. அதன் சொந்த ஊரை யார் கேட்கிறார்கள்?

கேள்விக்குறி:
பெட்டிக்கு விசா வேண்டாம், கொம்பாஸ்கிறுக்கன். கூலியும் வேண்டாம். கிட்டார்காரன் வந்தால் இன்னொரு கிட்டார்காரனின் இரவுச் சம்பளம் போகும். இதையும் கணக்கில் சேருங்கள்.

ஆறாம்கம்பி:
எல்லாருக்கும் நன்றி. ஒரு விஷயம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அன்றிரவு மேசையில் இருந்த நண்பர் ஒருவர் போனில் பதிவு செய்திருக்கிறார். நேற்றுதான் அனுப்பினார். பன்னிரண்டு முறையாவது கேட்டிருப்பேன்.

முதலில், 11, 12. கொம்பாஸ்கிறுக்கன் அண்ணா, முழுசாகத் தின்றிருக்கிறேன். ஒவ்வொரு சுழற்சியிலும் ரஸ்கெயாதோவால் (விரல்களை விசிறிக் கம்பிகளை அடிப்பது) அந்த இடத்தை நிரப்பி, அடுத்த ஒன்றுக்குள் சறுக்கி விழுகிறேன். பெரியவர் மூச்சு எடுக்கும் சத்தம் என் விரல் சத்தத்துக்கு அடியில் கேட்கிறது.

இரண்டாவதுதான் பெரிய தப்பு, அதை நீங்கள் யாரும் ஊகிக்கவில்லை. மூன்றாவது வரியில் பாட்டு சி பக்கம் ஏறும் என்று எனக்குத் தெரியும். ஜி செவன், அப்புறம் சி, அப்புறம் எஃப், ஈ என்று இறங்கும். வகுப்பில் அப்படித்தான் படித்தேன். அவர் இரண்டாவது வரியைத் திருப்பிப் பாடியிருக்கிறார். கொஞ்சம் மாற்றி, இன்னும் தாழ்வாக. நான் அவருக்கு முன்னாலேயே ஜி செவனுக்குப் போய்க் காத்துக்கொண்டிருக்கிறேன், பேருந்து நடத்துநர் மாதிரி. திரும்பிப் பார்த்தது அந்த இடத்தில்தான். மேஜர் செவன் எல்லாம் அதற்கு அப்புறம்.

சித்தார் ஆளைப் பற்றி என் எண்ணம் மாறவில்லை. அந்த ஆள் சிரித்தது நான் தப்பு செய்வதற்கு முன்னாலா பின்னாலா என்று பதிவில் தேடினேன். முன்னால். கிட்டாரைக் கையில் வாங்கும்போதே.

மொரோன்பித்தன்:
முன்னால் என்றால் அது உன் வாசிப்புக்கான விமர்சனம் இல்லை, தம்பி. பெரியவரின் பார்வையையும் அந்தச் சிரிப்பையும் ஒரே கணக்கில் எழுதாதே. நான் முதல் பதிவில் கொஞ்சம் அப்படி எழுதிவிட்டேன் போலிருக்கிறது. கேள்விக்குறி சொன்னது நியாயம்.

நைலான்கம்பி:
அந்தப் பதிவை இங்கே போட முடியுமா? அந்த இரண்டாவது வரித் திருப்பலைக் கேட்க ஆசை.

ஆறாம்கம்பி:
இல்லை, அக்கா. பாடினவரைக் கேட்காமல் போட மனசில்லை. கேட்கிற அளவுக்கு இன்னும் பழக்கமும் இல்லை.

ஆறாம்கம்பி:
(மூன்று வாரம் கழித்து) நேற்று திரும்ப அதே பெஞ்ஞாவுக்குப் போனேன். கிட்டார் கொண்டுபோகவில்லை. பெரியவர் தலையாட்டினார், அவ்வளவுதான். சொலெயாவின்போது யாரும் கை தட்டவில்லை, இரண்டு பேர் மேசையில் விரல்முட்டியால் மெதுவாகத் தட்டினார்கள். நான் சும்மா இருந்தேன். பத்தில் வரியை முடிக்கும் இடத்தில் "ஓலே" என் வாயில் வந்துவிட்டது, நல்லவேளை, மற்றவர்களோடு சேர்ந்துதான் வந்தது.

கடைசியில் புலெரியாஸ், வேகமான கொண்டாட்டப் பாட்டு. எல்லாரும் தட்ட ஆரம்பித்ததும் நானும் சேர்ந்தேன். எண்ணிக்கை பிசகவில்லை, சத்தியமாக. ஆனால் பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். பாடும்போது அப்படித் தட்டக் கூடாதாம். என்னவோ காட்டினார், கூச்சலில் புரியவில்லை.

நைலான்கம்பி:
விரலால் உள்ளங்கையில் பளீர் பளீர் என்று அடித்திருப்பீர்கள். அது கிளாராஸ், ஆட்டம் உச்சத்துக்குப் போகும்போது வேண்டும். பாடும்போது சோர்தாஸ். இரண்டு உள்ளங்கையையும் குழித்து, குறுக்காக வைத்து, காற்று அடைபட்ட சத்தம் வருகிற மாதிரி அடியுங்கள். கை வலித்தால் தொடையில் பழகுங்கள். அடுத்த தடவை அந்த அம்மா பக்கத்திலேயே போய் உட்காருங்கள்.